எந்த அச்சங்குளம்?

அச்சங்குளத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால், எந்த அச்சங்குளம் என்று திருப்பிக் கேட்பார்கள் என எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. விருதுநகர் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் இருந்தவர் கேட்டார்.

"சாத்தூர் பக்கத்து அச்சங்குளமா, வேற பக்கமா? கன்னியாகுமரிக்கிட்டகூட ஒண்ணு இருக்கே."

நான் பினாங்குக்காரி. என் ஊரின் பெயர் ஜார்ஜ் டவுன். சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. தென்னமெரிக்காவில் கயானா நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர்தான். லண்டனிலிருந்து என் தங்கை அனுப்பிய பார்சல் ஒன்று ஒருமுறை கயானா வரைக்கும் போய், மூன்று மாதம் கழித்துக் கசங்கி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெயர்கள் இப்படிக் குழப்பும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்த முறை குழம்பிக் கிடந்தது ஒரு மனிதரின் வீடு.

பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் எனக்கு வேலை. கேட்பாரில்லாமல் கிடக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பது அதில் ஒரு பகுதி. 2003இல், உணவுக்கடையில் மங்கு, தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்த ஒருவரை, கூட வேலை செய்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேர் மாரி என்றார்கள். தமிழ்நாடு என்றார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் யாரையும் காணோம். பாஸ்போர்ட்டும் இல்லை.

அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. பசிக்கிறதா என்றால் "அச்சங்குளம்." மனைவி பேர் என்ன என்றால் "அச்சங்குளம்." வலிக்கிறதா என்றாலும் அதேதான். தான் சொல்ல வந்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும். சொன்ன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சட்டைப்பையில் விருதுநகர் ஜவுளிக்கடை ஒன்றின் பாக்கெட் காலண்டர் இருந்தது. அதை வைத்து வரைபடத்தில் தேடினோம். சாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அச்சங்குளம் கிடைத்தது. எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. முகவரியில் 'மாரி, அச்சங்குளம்' என்று மட்டும் போட்டால் யார்தான் பதில் எழுதுவார்கள்.

மாத இறுதிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அவரைக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பாதி உடம்பு விழுந்த ஒருவர் அவர்களுடைய தடுப்பு முகாமில் வெறுந்தரையிலிருந்து எப்படி எழுந்திருப்பார் என்று யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டது. மதுரையில் என் கணவர் வழியில் ஒரு திருமணம் வந்தது. அதற்காக எடுத்த விடுப்பிலிருந்து நான்கு நாளைப் பிய்த்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாள் ஜவுளிக்கடை. முதலாளி காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கடைதாம்மா. சிவகாசியில ஆர்டர் குடுத்து ரெண்டாயிரம் அடிச்சோம். துணி எடுத்தவுகளுக்கும் குடுத்தோம், எடுக்காம பாத்துட்டுப் போனவுகளுக்கும் குடுத்தோம். யாருன்னு சொல்ல?"

மாலையில் புரோட்டாக் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும், இரண்டு விரலால் கிழிக்கலாம். இங்கே எண்ணெயில் முங்கப் பொரித்து, கடித்தால் பக்கத்து மேசைக்குக் கேட்கிறது. பரிமாறியவர் என் இலையில் அதை நொறுக்கிப் போட்டு சால்னாவை ஊற்றினார். "கொஞ்சம் ஊற விடுங்க. ஏன் அவசரப்படுதீக?" என்றார். ஊற விடும் பொறுமை எனக்கு இல்லை. மொறுமொறுவென்றே தின்றுவிட்டு, விடுதி அறையில் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சாத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பேர் கருப்பசாமி. பாதி வழியில் டயர் இறங்கிவிட்டது. நிழலே இல்லாத கரிசல் காடு. தூரத்தில் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றும் தனியாக. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்கத்தான் அந்த இடைவெளி என்று ஜாக்கியை முடுக்கியபடியே கருப்பசாமி சாதாரணமாகச் சொன்னார். ஒரு கம்பெனி வேன் எங்களுக்காக நின்றது. உள்ளே இருந்த பெண்களின் கைகள் முழங்கை வரை வெள்ளிப் பூச்சாக மின்னின.

"எங்கிருந்து வாரீக?" என்று ஒரு பெண் கேட்டார்.

"மலேசியாவிலிருந்து."

"அங்க தீவாளிக்கு என்ன வெடி போடுவீக?"

"எங்கள் நாட்டில் வெடிக்குத் தடை. ஒளித்து வைத்து வெடித்தால்தான் உண்டு. போலீஸ் பிடிக்கும்."

அந்தப் பெண் வேனுக்குள் திரும்பிச் சொன்னார்: "ஏளா, அந்த ஊர்ல வெடி போட்டா போலீசாம். எல்லா ஊரும் அப்படி ஆயிட்டா நம்ம எங்கன போக?" வேன் முழுக்கச் சிரிப்பு. சீசன் நேரம் என்பதால் நிற்க முடியாமல் கிளம்பிவிட்டது.

அச்சங்குளத்தில் மாரி என்று விசாரித்தால் நாலைந்து பேர் இருந்தார்கள். மலேசியா போன மாரி ஒருவர்தான், மாரியப்பன். போய் நான்கு வருடம். முதல் வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இதைக் கேட்டதும் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவருடைய மனைவி பேச்சியம்மாளைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் கம்பெனிக்குப் பறந்தார்.

பேச்சியம்மாள் கை கழுவாமலே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, அழவும் இல்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். மருத்துவமனையில் எடுத்த படம். மொட்டைத் தலை, ஒரு பக்கம் இறங்கிய வாய், ஒட்டிய கன்னம். சுற்றி இருபது பேர் நின்றோம்.

"இவருதான்" என்றார்.

கூட்டத்தில் ஒரு முதியவர் எட்டிப் பார்த்தார். "மூக்கு அப்படித் தெரியலயே தாயி."

"சீக்கு வந்தா மூக்கு மாறாதா? எனக்குத் தெரியாதா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "இடது முளங்கையில தீப்புண்ணுத் தளும்பு இருக்கும். இங்கன கம்பெனியில மருந்து கலக்கும்போது பத்திருச்சு. இருக்கான்னு கேளுங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. அவருடைய இடது கையை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன், முழங்கையைப் பார்த்ததில்லை. மெயின் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு எல்லோரும் நடந்தோம். எனக்கு முன்னால் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் காத்திருந்தார். ஜெயசீலி டீச்சர் என்று அழைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வார்டில் ரோஹானி என்ற மலாய் நர்ஸ் எடுத்தாள். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தழும்பு இல்லை அக்கா" என்றாள் ரோஹானி மலாய் மொழியில்.

நான் தமிழில் சொல்வதற்கு முன்பே பேச்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "நல்லாப் பாக்கச் சொல்லுங்க. நாலு வருசத்துல மங்கிப் போயிருக்கும்."

மறுபடி பார்க்கச் சொன்னேன். ரோஹானி சட்டையைக் கழற்றியே பார்த்திருக்கிறாள். "இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. இடுப்புக் கயிற்றில் ஒரு சின்ன மெடல் மட்டும் இருக்கிறது. கிறிஸ்தவ மெடல். எம், ஏ, டி, எச், யூ என்று எழுதியிருக்கிறது."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"மாரி என்று எழுதியிருந்ததே. யாரும் கேட்கவும் இல்லையே அக்கா."

எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மது. மடு. பின்னால் இருந்த ஜெயசீலி டீச்சர் சட்டென்று சொன்னார்: "மடு மாதாவாயிருக்கும். அது சிலோன்ல இருக்கு, மன்னார் பக்கம். நாங்க கத்தோலிக்கர், எங்களுக்குத் தெரியும்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக என் கையைப் பிடித்தார். "முன்ன நான் விருதுநகர்ல இருக்கும்போது அகதிக் கேம்ப்ல இருந்து டெல்சின்னு ஒரு புள்ள எங்கிட்டப் படிச்சா. சொந்த ஊர் அச்சங்குளம்னு எளுதியிருந்தா. நம்ம அச்சங்குளமான்னு கேட்டேன். இல்ல டீச்சர், மன்னார் அச்சங்குளம்னா. அங்கனயும் ஒண்ணு இருக்காம்."

எனக்குப் புதிய வழி திறந்த அந்த நிமிடத்தில் பேச்சியம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தார். கூட்டம் கலையத் தொடங்கியது.

"அப்ப எங்க வீட்டுக்காரரு சீக்கில்லாம நல்லா இருக்காருன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

அவர் வீட்டுக்குப் போய், கணவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். "நீங்களும் அந்த ஊர்தான. கண்ணுல பட்டா சொல்லுங்க" என்றார். பிறகு, இம்புட்டுத் தூரம் வந்துட்டுச் சும்மா போகக் கூடாது என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தார். நின்றபடியே குடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சூலக்கரையில் கலெக்டர் அலுவலகம். அகதி முகாமுக்குள் வெளிநாட்டுக்காரர் போக அனுமதி வேண்டும், மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பதில் வரும் என்றார்கள். என் கையில் இருந்தது ஒன்றரை நாள். மனுவைக் கொடுத்துவிட்டு, டீச்சர் சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போய் மணி அடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

டெல்சிக்குப் பதின்மூன்று வயது. ஜெயசீலி டீச்சர் பேரைச் சொன்னதும் பல் தெரியச் சிரித்தாள். "டீச்சர் எப்படி இருக்காக?" என்றாள். முகாமிலேயே பிறந்தவள். அவள் பேச்சில் இலங்கை வாடையே இல்லை, முழுக்க விருதுநகர். அப்பாவைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "அம்மாட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் தங்கியிருந்த விடுதியைக் கடந்தபோது அதை அவளுக்குக் காட்டினேன்.

முகாமுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டு அம்மாவை அழைத்துவந்தாள். பிலோமினா மெலிந்த பெண். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவர், விரல்களில் பசை காய்ந்திருந்தது. படத்தை நீட்டினேன். மகள் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பிலோமினா ஒரு பார்வைதான் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ர மனுசன் கேரளாவில பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார். மாதம் ஒருக்கா வந்து போறவர்."

"மரியாவா, மாரியா, ஏதாவது..."

"அவர் இல்லை எண்டு சொல்லுறன் எல்லோ. நீங்கள் போங்கோ."

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டெல்சி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் ஒருவர் இல்லாததை ஆமென்றார், இன்று ஒருவர் இல்லையென்கிறார். இரண்டிலும் என் படத்தில் இருந்தவர் அநாதையாகவே இருந்தார். விடுதிக்குத் திரும்பி, பெட்டியில் துணியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். பினாங்கில் என் மேலதிகாரியிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். டெல்சி பள்ளிச் சீருடையில் இருந்தாள். பிலோமினாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார். "அவர் பேர் மரியநாயகம். நேற்று அந்தக் கடையில எல்லாரும் கேட்டுக்கொண்டு நிண்டவை. முகாமில மாதம் மாதம் ஆள் எண்ணுவினம். இல்லாத ஆளின்ர பேரை வெட்டிப்போடுவினம். ஒரு ஏஜெண்டுக்காரன் வேற ஆளின்ர பாஸ்போர்ட்டில அவரை அனுப்பினவன். வெளிய தெரிஞ்சா எங்கட பதிவும் போயிடும் எண்டு பயந்திட்டன்."

"இப்போது?"

"பிள்ளை ராத்திரி சாப்பிடேல்ல. அது அப்பாதான், நீதான் பொய் சொன்னாய் எண்டு மட்டும் சொன்னது." பையின் முடிச்சை அவிழ்த்தார். "பேரை வெட்டினா வெட்டட்டும். அவர் அங்க ஆருமில்லாமக் கிடக்கக் கூடாது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஞானஸ்நானச் சான்றிதழ். தொண்ணூறில் படகேறியபோது நனைந்து, காய்ந்து, மடிப்பெல்லாம் பிரிந்திருந்தது. பிறந்த ஊர் அச்சங்குளம், தேவாலயப் பங்கு மன்னார் என்று கையெழுத்தில் இருந்தது. அவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே பூத் திறக்கக் காத்திருந்து பினாங்குக்கு அழைத்தேன். ரோஹானி பணியில் இருந்தாள். நீண்ட ஒயரை இழுத்துக்கொண்டு போய் அவர் காதில் வைக்கிறேன் என்றாள். நான் ரிசீவரைப் பிலோமினாவிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இஞ்சேருங்கோ" என்றார். பிறகு நிறுத்தினார். அந்தப் பக்கம் ஏதோ ஒலி வந்திருக்க வேண்டும். "வேண்டாம், நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன், கேட்டுக்கொண்டு கிடவுங்கோ." அப்புறம் விடாமல் பேசினார். வீட்டுக் கூரையைப் பிரித்து மாற்றியது, டெல்சி கணக்கில் முதலாவதாக வந்தது, பக்கத்து வரிசையில் யாருக்கோ குழந்தை பிறந்தது. உடம்பு எப்படி என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. டெல்சி ரிசீவரை வாங்கி, "யப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் நான் வாங்கியபோது ரோஹானி சொன்னாள்: "அவர் அழுகிறார் அக்கா. ஃபோனை எடுக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறார். நல்ல பலம் இருக்கிறது இடது கையில்."

வெளியே வந்ததும் நடைமுறையைச் சொன்னேன். இந்தியாவுக்கு அவரைக் கொண்டுவர வழியில்லை. இலங்கைக் குடிமகன் என்று இந்தத் தாளைக் காட்டிக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்கலாம். அங்கே அப்போது போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது. மன்னாரில் அவருடைய அண்ணன் இருந்தார். பிலோமினா தலையாட்டிக்கொண்டே வந்தார். டெல்சி நின்றுவிட்டாள்.

"அப்ப நாங்களும் அங்க போகணுமா? எனக்கு அச்சங்குளம்னா சாத்தூர் பஸ் போற ஊருதாங்க தெரியும். அங்க எனக்கு யாருமே தெரியாது."

அம்மா, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் மதுரைக்கு பஸ் பிடித்தேன்.

அந்தச் சான்றிதழின் நகலை வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் ஆறேழு முறை அலைந்தேன். கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது தற்காலிகப் பயணத்தாள் கிடைத்தது. சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றினோம். எட்டு மாதம் கழித்து, முறையான அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவும் மகளும் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாரியப்பனின் படத்தோடு நான் பினாங்கு உணவுக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒரு வருடம் கேட்டேன். கிடைக்கவில்லை என்று பேச்சியம்மாளுக்கு எழுதினேன். யாரையோ கொண்டு எழுதிய பதில் வந்தது, தேடுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மன்னாரிலிருந்து டெல்சி எழுதிய கடிதம் அடுத்த வருடம் வந்தது. நாலு பக்கம். பள்ளியில் தன்னை இந்தியாக்காரி என்கிறார்கள், 'அங்கன' என்று சொன்னால் வகுப்பே சிரிக்கிறது என்று எழுதியிருந்தாள். தண்ணீருக்கு நடக்க வேண்டும், பஸ் ஒழுங்காக வராது என்று குறைகளாகவே மூன்று பக்கம். நாலாம் பக்கத்தில் அப்பா. தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு அவள்தான் பேசக் கற்றுக்கொடுக்கிறாளாம், ஒவ்வொரு சொல்லாக, திரும்பத் திரும்ப. இப்போது முப்பது சொல் வந்துவிட்டது.

"போன வாரம் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைப் பார்த்து, 'வாங்க, சாப்பிட்டீகளா' என்று கேட்டார்கள். சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்னாரில் பிறந்த மனிதர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். இந்த ஊரில் என்னை மாதிரிப் பேசுகிற ஆள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம்."